ஆட்டு விரையின் ஸ்லைடு ஒழுங்காக இருக்கிறது. மனிதனுடையது ஏன் கலைந்து கிடக்கிறது?

பேட்டை_முதலாண்டு · ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். வருகிற வியாழக்கிழமை திசுவியல் செய்முறைத் தேர்வு. ஆண் இனப்பெருக்க மண்டலத்திலிருந்து இரண்டு மூன்று ஸ்பாட்டர்கள் (ஸ்லைடைப் பார்த்து அடையாளம் சொல்லும் கேள்விகள்) கட்டாயம் வரும் என்கிறார்கள்.

எங்கள் பெட்டியில் விரையின் ஸ்லைடு இரண்டு இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் "ஆடு" என்று யாரோ பழைய மையில் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றது மனிதனுடையது. ஆட்டினுடையதில், விந்தணு உருவாகும் குழல்களின் குறுக்குவெட்டு வட்டம் ஒவ்வொன்றும் கோலம் போட்டது போல இருக்கிறது. ஒரு வட்டத்தில் சுற்றிலும் விந்தணு வால்கள் நடுவை நோக்கி நீண்டிருக்கின்றன. பக்கத்து வட்டத்தில் வால் ஒன்றுகூட இல்லை, ஆனால் அங்கேயும் சுற்றிலும் ஒரே ஒழுங்கு. மனிதனுடையதில் அப்படி இல்லை. ஒரே வட்டத்தின் ஒரு மூலையில் வால், எதிர் மூலையில் உருண்டைச் செல்கள், இடையில் சம்பந்தமே இல்லாத வேறொரு கூட்டம்.

கேட்டதற்கு ஒரு சீனியர், "மனித ஸ்லைடு பழசு, கெட்டுப்போய்விட்டது, ஆட்டையே பார்த்துப் படி" என்றார். அது சரியா? அப்படியே இன்னொன்றும் தீர்த்து வையுங்கள். எபிடிடைமிஸ் (விரையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் விந்தணு நாளம்) ஸ்லைடில் செல்களின் மேல் மயிர் போல நீட்டிக்கொண்டிருப்பவை அசையுமா, அசையாதா? இரண்டு புத்தகம், இரண்டு பதில்.

---

மெழுகுக்கட்டி · ஞாயிறு, இரவு 10.15

தங்கச்சி, ஸ்லைடு கெடவில்லை. முப்பத்தொரு வருடம் திசு வெட்டிய கை இது. பணி ஓய்வு பெற்று வண்ணார்பேட்டையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மனித விரை அப்படித்தான் இருக்கும். நன்றாக வெட்டினாலும் அப்படித்தான், மோசமாக வெட்டினாலும் அப்படித்தான்.

ஆனால் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். மனித ஸ்லைடில் செல்கள் உதிர்ந்து குழலின் நடுவில் குவிந்து கிடக்கின்றனவா? குழலுக்கும் சுற்றுத் திசுவுக்கும் நடுவே வெள்ளையாக இடைவெளி தெரிகிறதா? தெரிந்தால் அதை வெறும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டிருக்கிறார்கள். விரை மட்டும் ஃபார்மலினுக்கு ஒத்துவராத திசு. சுருங்கிவிடும். அதற்கென்று பூவான் கரைசல் இருக்கிறது. நிறைவுற்ற பிக்ரிக் அமிலம் 75 பங்கு, ஃபார்மலின் 25 பங்கு, அசிட்டிக் அமிலம் 5 பங்கு. 1897இல் போல் பூவான் என்ற பிரெஞ்சுக்காரர் சேர்த்த கூட்டு. அதில் ஊறிய திசு மஞ்சள் கிழங்கு போல ஆகிவிடும். சாராயக் கரைசலில் திரும்பத் திரும்பக் கழுவி மஞ்சளை எடுக்க வேண்டும். என் விரல் நகங்கள் பல வருடம் மஞ்சளாகவே இருந்தன. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று நினைப்பார்கள்.

பிக்ரிக் அமிலம் காய்ந்து தூளானால் வெடிக்கும். பழைய கல்லூரி அலமாரிகளில் மூடி இறுகிய பாட்டில் இருந்தால் திறக்கப் போகாதே. ஆசிரியரிடம் சொல்.

---

கால்நடை_வைத்தியர் · ஞாயிறு, இரவு 10.52

அண்ணாச்சி பதப்படுத்தலைச் சொல்லிவிட்டார். கேள்விக்கு நான் வருகிறேன்.

நம் தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு சாகுபடி. ஒரு வயலில் கார் அறுவடை முடிந்த பிறகுதான் பிசானத்துக்கு நாற்றுவிடுவோம். விரைக்குழலின் சுவர் அவ்வளவு காத்திருக்காது. மேலே கதிர் முற்றிக்கொண்டிருக்கும்போதே அடியில் அடுத்த நாற்று முளைத்துவிடும். அதற்கும் கீழே அடுத்த விதை. மனிதனில் ஒரு விந்தணு அடிச்செல்லிலிருந்து புறப்பட்டு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. ஆனால் 16 நாட்களுக்கு ஒரு முறை புதிய தொகுதி கிளம்புகிறது. 74ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கள். நாலரைக்கும் சற்று மேலே வரும். அதனால்தான் சுவரில் எந்த இடத்தைப் பார்த்தாலும் நான்கு அல்லது ஐந்து தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஆட்டில் புதிய தொகுதி கிளம்பும் இந்தச் சுழற்சி பத்தரை நாட்களுக்குச் சற்று மேல். மொத்தம் 48 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. காளையில் 61 நாட்கள்.

எந்தத் தலைமுறையோடு எந்தத் தலைமுறை சேர்ந்து நிற்கும் என்பது கட்டுப்பாடானது. விந்தணுவின் உருண்டையான இளம் முன்செல்கள் இருக்கும் இடத்தில் கீழே இன்ன வகைச் செல்தான் இருக்கும், அதற்கும் கீழே இன்னதுதான் இருக்கும். இந்தச் சேர்க்கைகளைக் கட்டங்கள் என்று எண்ணுகிறார்கள். எலியில் 14, மனிதனில் 6. மனிதனுடைய ஆறு கட்டங்களையும் 1963இல் இவ் கிளெர்மோன் வகுத்தார்.

இப்போது உங்கள் கோலத்துக்கு வருவோம். ஆட்டில் குழலின் நீளவாக்கில் கணிசமான தூரத்துக்கு ஒரே கட்டம் நடக்கும். ஒரு வயல் முழுக்க ஒரே நாளில் நட்டது போல. அந்த இடத்தில் குறுக்கே வெட்டினால் வட்டம் முழுக்க ஒரே காட்சி. அடுத்த வட்டம் வேறு வயல். மனிதனில் ஒவ்வொரு கட்டமும் சுவரில் சிறு சிறு திட்டாக நடக்கிறது. கால் ஏக்கரில் நாற்று, பக்கத்தில் பால் பிடித்த கதிர், அதற்குப் பக்கத்தில் அரிவாள். குறுக்கே வெட்டினால் ஒரே வட்டத்தில் மூன்று பருவமும் தெரியும். உங்கள் சீனியரிடம் சொல்லுங்கள்: கெட்டது ஸ்லைடு இல்லை.

---

பேட்டை_முதலாண்டு · ஞாயிறு, இரவு 11.20

ஐயா, இது வகுப்பில் யாரும் சொல்லவில்லை. "பல அடுக்குச் செல்கள்" என்று மட்டும் எழுதிப் போட்டார்கள். பல அடுக்கு என்றால் தோல் மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் ஆட்டு ஸ்லைடில் வால் இல்லாத வட்டத்தைப் பார்த்து "இந்த ஆட்டுக்கு விந்தணு உற்பத்தி இல்லை" என்று எழுதினால் தப்பு, இல்லையா?

---

கால்நடை_வைத்தியர் · ஞாயிறு, இரவு 11.31

முழுத் தப்பு. முற்றியவை முந்தின நாள்தான் உதிர்ந்து போயிருக்கும். பத்து வட்டமாவது பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

---

கன்னியாடு · திங்கள், காலை 6.05

நான் படித்தவன் இல்லை. கயத்தாறு பக்கம் கன்னி ஆடு வளர்க்கிறேன். கறுப்பு உடம்பு, முகத்தில் வெள்ளைக் கோடு, அதுதான் பால்கன்னி. கோடு செம்மையாக இருந்தால் செங்கன்னி. மேலப்பாளையம் சந்தைக்கு ஏற்றுவேன். கசாப்புக் கடையில் விரையை நீளவாக்கில் கீறும்போது நட்டநடுவில் வெள்ளையாக ஒரு நரம்பு ஓடும். மனுசனுக்கும் அப்படித்தானா? எங்கள் பக்கத்தில் அதைத்தான் "உயிர் நரம்பு" என்று சொல்லிக்கொள்கிறோம்.

---

கால்நடை_வைத்தியர் · திங்கள், காலை 7.10

அண்ணாச்சி, நல்ல கண் உங்களுக்கு. அது நரம்பு இல்லை. குழல்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் வலை அது. அதைத் தாங்கும் நார்த்திசுதான் வெள்ளையாகத் தெரிகிறது. ஆடு, மாடுகளில் நடுவில் ஓடும். மனிதனில் அது பின்விளிம்பில் ஒதுங்கியிருக்கும். ஆகவே மனித விரையைக் கீறினால் நடுக்கோடு தெரியாது. அதற்குப் பதிலாகப் பின்பக்கத்திலிருந்து விசிறி மாதிரித் தடுப்புகள் கிளம்பி உள்ளே 250 அறைகளாகப் பிரிக்கும். ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒன்று முதல் நான்கு குழல்கள் சுருண்டு கிடக்கும். நீட்டினால் ஒரு குழல் ஒரு முழம், ஒன்றரை முழம் வரும். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நீட்டினால் சில நூறு மீட்டர். இடியாப்பச் சிக்கல் என்று நாம் சும்மா சொல்கிறோம். இங்கே உண்மையாகவே இருக்கிறது. பச்சை விரையில் இடுக்கியால் பிடித்து இழுத்தால் நூல் நூலாக வரும்.

---

தமிழாசிரியர்_தென்காசி · திங்கள், காலை 8.45

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் விரை என்கிறீர்கள், பாடநூல் விந்தகம் என்கிறது, ஊரார் விதை என்கிறார்கள். விதை என்பதே அழகிய சொல். விதைப்பது எதுவோ அது விதை. ஆனால் பாடநூல் பெயர்களில் ஒரு வழு உண்டு: "விந்துப்பை" என்று ஒரு சுரப்பிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் எல்லாரும் அதில் விந்தணு சேமிக்கப்படுவதாக எழுதுகிறார்கள். என் மகனும் எழுதினான்.

---

பேட்டை_முதலாண்டு · திங்கள், மாலை 5.30

ஐயா, நானும் பன்னிரண்டாம் வகுப்பில் அப்படித்தான் எழுதினேன். மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டார்கள்.

---

திசுநோய்_மருத்துவர் · திங்கள், இரவு 8.20

நல்ல இழை. ஆசிரியர் ஐயா சொன்னது சரி. விந்துப்பையில் விந்தணு தங்குவதில்லை. விந்தின் திரவத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அதுதான் சுரக்கிறது, ஃப்ரக்டோஸ் சர்க்கரையும் அதிலிருந்துதான் வருகிறது. சேமிப்புக் கிடங்கு எபிடிடைமிஸின் வால்பகுதி. தவறு தமிழின் தவறு இல்லை, லத்தீன் பெயரே அப்படித்தான். மொழிபெயர்த்தவர் நேர்மையாகத் தவறையும் மொழிபெயர்த்துவிட்டார்.

தங்கச்சி கேட்ட இன்னொரு கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். எபிடிடைமிஸில் நீட்டிக்கொண்டிருப்பவை அசையாது. பெயரில் குற்றிழை (அசையும் மயிரிழை) என்று இருப்பதால் குழப்பம். உண்மையில் அவை மிக நீண்ட நுண்ணுறிஞ்சிகள். குடலில் இருப்பவற்றின் அண்ணன்மார். திரவத்தை உறிஞ்சுவது அவற்றின் வேலை. அசையும் குற்றிழை வேண்டுமென்றால் ஒரு படி முன்னால் போக வேண்டும். விரையின் வலையிலிருந்து எபிடிடைமிஸுக்குப் போகும் பத்து இருபது வெளிச்செல் நாளங்களில்தான் அவை இருக்கின்றன.

தேர்வுக்கு இவ்வளவு போதும். வட்டத்தின் உள்விளிம்பு மேடு பள்ளமாக, அலை அலையாக இருந்தால் வெளிச்செல் நாளம். அங்கே உயரமான செல்லும் குட்டையான செல்லும் மாறி மாறி நிற்கும். உள்விளிம்பு வரைகோல் வைத்தது போல ஒரே உயரமாக, உள்ளே விந்தணுக்கள் குவிந்து கிடந்தால் எபிடிடைமிஸ். குழியை விடச் சுவர் பல மடங்கு தடித்து, தசை மூன்று அடுக்காக, உள்ளும் வெளியும் நீளவாக்கிலும் நடுவில் வட்டமாகவும் ஓடினால் விந்து நாளம். புராஸ்டேட்டில் சுரப்பிகளின் குழிகளுக்குள் இளஞ்சிவப்பு உருண்டைகள், வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக, வயது ஏற ஏற அதிகமாகும். அந்த மாவுமணிகளைக் கண்டால் வேறு யோசனையே வேண்டாம்.

---

பேட்டை_முதலாண்டு · திங்கள், இரவு 8.58

மேடம், கோடி நன்றி. செர்டோலி செல்லை மட்டும் இன்னும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தில் பெரிய தூண் போல வரைகிறார்கள். ஸ்லைடில் தூண் எதுவும் இல்லை.

---

திசுநோய்_மருத்துவர் · திங்கள், இரவு 9.25

தூணைத் தேடாதே, கருவைத் தேடு. செல்லின் எல்லை ஒளி நுண்ணோக்கியில் தெரியாது. சுற்றியிருப்பவை எல்லாம் கறுத்துத் திரண்ட கருக்கள். நடுநடுவே வெளிறிய, முக்கோணமோ முட்டையோ போன்ற ஒரு கரு, அதற்குள் பொட்டு வைத்தது போல ஒரே ஒரு கருத்த நுண்கரு தெரிந்தால் அது செர்டோலி. 1865இல் என்ரிகோ செர்டோலி பாவியாவில் மாணவராக இருந்தபோதே இதைக் கண்டு எழுதிவிட்டார். உன்னைப் போலத்தான்.

செவிலிச் செல் என்று தமிழில் சொல்வது எனக்குப் பிடிக்கும். ஆனால் பாலூட்டுவது அதன் வேலைகளில் பாதிதான். மறுபாதி காவல். விந்தணுவாக்கம் பூப்பு வயதுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதற்குள் உடலின் நோயெதிர்ப்புப் படை "நம்மவர் யார்" என்று கணக்கெடுத்து முடித்திருக்கும். பிறகு புதிதாகப் பிறக்கும் இந்தச் செல்கள் படைக்கு அந்நியர். ஆகவே பக்கத்துப் பக்கத்துச் செர்டோலிகள் ஒன்றோடொன்று இறுகத் தைத்துக்கொண்டு சுவரை இரண்டு தட்டாகப் பிரித்துவிடுகின்றன. கீழ்த்தட்டில் அடிச்செல்கள் இரத்தத்தோடு தொடர்பில் இருக்கும். மேல்தட்டில், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பில் இறங்கியவை ஒளிந்திருக்கும்.

கீழிருந்து மேலே போக வேண்டிய செல் எப்படிப் போகிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. அதன் அடிப்பக்கத்தில் புதுத் தையல் போட்ட பிறகே தலைப்பக்கத்துத் தையல் பிரிகிறது. முன்கதவை அடைத்துத் தாழிட்டுவிட்டுப் பட்டாசல் கதவைத் திறப்பது போல. ஒரு கணமும் வீடு திறந்து கிடப்பதில்லை.

---

கன்னியாடு · செவ்வாய், காலை 5.50

எனக்கு ஒரு சந்தேகம். காயடித்த கிடாவுக்கு மொச்சை வாடை வராது, சண்டை போடாது, கொழுப்பு ஏறும். ஆம்பிளைகளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தாலும் அதே கதிதானே? எங்கள் ஊரில் அதற்காகவே ஒருத்தனும் போக மாட்டான். அவன் அவன் வீட்டுப் பெண்களைத்தான் அனுப்புவான்.

---

*(அடுத்து வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கேலி செய்ய வேறு இடம் பாருங்கள். இங்கே மாணவர்களும் பெண்களும் படிக்கிறார்கள். கேட்டவர் கேட்டது நியாயமான கேள்வி. – நெறியாளர்)*

---

கால்நடை_வைத்தியர் · செவ்வாய், காலை 7.30

அண்ணாச்சி, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே நல்லதாயிற்று. ஒரே கூரையின் கீழ் இரண்டு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழலுக்குள்ளே விந்தணு தயாராகிறது. குழலுக்கு வெளியே, குழல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் வேறு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. இளஞ்சிவப்பாக, நுரைத்தது போல உடம்பு, உருண்டைக் கரு. அவை லீடிக் செல்கள். 1850இல் ஃப்ரான்ஸ் லீடிக் விவரித்தவை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அங்கேதான் உற்பத்தியாகிறது. அவற்றுக்குக் குழாய் தேவையில்லை, சரக்கு நேராக இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

நாங்கள் பர்டிசோ இடுக்கி வைத்து நெரிக்கும்போது விரைக்குப் போகும் இரத்தமே நின்றுவிடுகிறது. இரண்டு பட்டறையும் சேர்ந்து மூடப்படும். சில வாரங்களில் விரை சுருங்கிவிடும். வாடை போவதும் சாந்தமாவதும் லீடிக் போனதால். மனிதனுக்குச் செய்யும் அறுவையில் விந்து நாளத்தை மட்டும் வெட்டிக் கட்டுகிறார்கள். விரையைத் தொடுவதே இல்லை. இரத்த ஓட்டம் அப்படியே இருக்கிறது, லீடிக் அப்படியே இருக்கிறது. மீசை, குரல், ஆசை எதுவும் போகாது. விந்தணுவும் உள்ளே உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கும், வெளியேறாமல் சிதைந்து உறிஞ்சப்படும். வழியில் ஏற்கெனவே தங்கியிருப்பது தீரும் வரை, மூன்று மாதம் போல, கவனமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதை முதலில் சேவலில் காட்டினார்கள். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஊரில் ஆர்னால்ட் பெர்தோல்ட் என்பவர் இளஞ்சேவல்களின் விரையை எடுத்துவிட்டுச் சிலவற்றுக்கு விரை ஒன்றை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்தார். எடுத்தவை கொண்டை சிறுத்துப் போயின. திரும்ப வைக்கப்பட்டவை கொண்டை சிவந்து கூவின, சண்டையும் போட்டன. இடமும் மாறியது, நரம்புத் தொடர்பும் போனது, ஆனாலும் வேலை நடந்தது. அப்படியானால் இரத்தத்தில் ஏதோ போகிறது.

இன்னொன்று, நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு கிடாவுக்கு இரண்டு விரையும் பையில் இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். பார்க்கக் காயடித்தது போல இருக்கும். ஆனால் வாடையும் இருக்கும், பெட்டையைத் துரத்தவும் செய்யும். குட்டி மட்டும் தங்காது. ஏன்?

---

கன்னியாடு · செவ்வாய், காலை 7.48

இருந்தது, ஒன்று இருந்தது! சந்தையில் நன்றாக ஏமாந்தேன். ஏன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

---

கால்நடை_வைத்தியர் · செவ்வாய், மதியம் 1.15

சூடு. விந்தணுவாக்கத்துக்கு உடம்புச் சூட்டை விட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் வெளியே தொங்கவிட்டிருக்கிறது. விரைக்குப் போகும் தமனியைச் சுற்றிச் சிரைகள் கொடிச்சுருளாகப் பின்னிக்கொண்டு, கீழே இறங்கும் சூடான இரத்தத்தை மேலேறும் குளிர்ந்த இரத்தத்தால் ஆற்றிவிடுகின்றன. வெற்றிலைக் கொடிக்காலில் கொடி அகத்தியைச் சுற்றுவது போலவே இருக்கும். வயிற்றில் தங்கினால் அந்த ஏற்பாடு பலிக்காது. குழலுக்குள் விந்தணு வரிசை முழுக்க அழிந்து செர்டோலி மட்டும் மிஞ்சும். லீடிக் சூட்டைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. உங்கள் கிடா கதை அதுதான்.

---

கடனாநதி · செவ்வாய், இரவு 11.40

மூன்று நாட்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து யோசித்து இப்போது எழுதுகிறேன்.

"செர்டோலி மட்டும் மிஞ்சும்" என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். என் ரிப்போர்ட்டில் அந்த வார்த்தைதான் இருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருடம். பரிசோதனையில் விந்தணு பூஜ்யம். போன மாதம் வலப்பக்கம் ஒரு துணுக்கு எடுத்தார்கள். "பதினொரு குழல்கள் காணப்பட்டன, அவற்றில் செர்டோலி செல்கள் மட்டுமே உள்ளன" என்று இரண்டே வரி. எந்த மருத்துவமனை என்று சொல்ல விரும்பவில்லை. ரிப்போர்ட்டைக் கொடுத்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "இது கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் அறிவுரை கேட்கவில்லை. அந்தப் பதினொரு குழல்களைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா என்பதுதான் என் கேள்வி. பத்து வட்டமாவது பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று ஆட்டுக்கே சொன்னீர்கள்.

---

மெழுகுக்கட்டி · புதன், காலை 5.20

தம்பி, துணுக்கை எதில் போட்டு அனுப்பினார்கள் தெரியுமா? மஞ்சள் தண்ணீரா, நிறமில்லாத தண்ணீரா?

---

கடனாநதி · புதன், காலை 6.35

நிறமில்லாததுதான் அண்ணாச்சி. சின்ன பிளாஸ்டிக் டப்பா. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

---

திசுநோய்_மருத்துவர் · புதன், காலை 7.05

தம்பி, முதலில் உங்களிடம் அப்படிப் பேசியவருக்காக நான் வருந்துகிறேன். ஸ்லைடைப் பார்க்காமல் உங்கள் நோயைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஸ்லைடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஃபார்மலினில் போட்டது நல்லதல்ல. சுருங்கி உதிர்ந்து, முதிர்ச்சி எந்த நிலையில் நின்றது என்று தரம்பிரிப்பதைக் கடினமாக்கும். ஆனால் இருந்த செல்களை அது அடியோடு காணாமல் ஆக்காது. அதை மட்டும் நம்பி ரிப்போர்ட் பொய் என்று முடிவு செய்ய வேண்டாம்.

பதினொரு குழல் குறைவு என்பது வேறு விஷயம். இந்த நிலையை 1947இல் அர்ஜென்டினாவில் டெல் காஸ்டிலோவும் தோழர்களும் விவரித்தார்கள். அப்போது விரை முழுக்க அப்படித்தான் என்று எண்ணினார்கள். பிறகு தெரியவந்தது, சிலருக்குப் பெரும்பாலான குழல்கள் வெறுமையாக இருந்தாலும் எங்கோ ஒரு மூலையில் சில குழல்களில் உற்பத்தி நடக்கும். வைத்தியர் சொன்ன வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் முழுக்க வறட்சி, ஒரு கிணற்றடியில் மட்டும் பச்சை. ஓர் இடத்தில் கிள்ளிய துணுக்கு அந்தக் கிணற்றடியில் விழ வாய்ப்பு குறைவு. 1999 முதல் அறுவை நுண்ணோக்கியின் கீழ் விரையைத் திறந்து, தடித்து வெளுத்துத் தெரியும் குழல்களைத் தேடி எடுக்கும் முறை வந்திருக்கிறது. எல்லாருக்கும் கிடைக்காது. சிலருக்குக் கிடைக்கிறது.

அதற்கு முன் இரத்தத்தில் சில சோதனைகள் உண்டு. விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், குரோமோசோம் எண்ணிக்கை, ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்பது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். விடுபட்ட துண்டு ஒரு பகுதியாக இருந்தால் தேடுவதே வீண் என்பார்கள், இன்னொரு பகுதியாக இருந்தால் தேடிப் பார்க்கலாம் என்பார்கள். அதைச் செய்யாமல் கத்தியை எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

---

மெழுகுக்கட்டி · புதன், காலை 7.40

நான் மேடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், தம்பி. ஸ்லைடு என்பது திசு இல்லை. திசு மெழுகுக் கட்டிக்குள் இருக்கிறது. ஸ்லைடில் இருப்பது அதிலிருந்து ஐந்து மைக்ரான் தடிமனில் சீவிய ஒரே ஒரு சீவல். பதினொரு குழல் பார்த்தேன் என்றால் அந்த ஒரு சீவலில் பதினொன்று. கட்டிக்குள் இன்னும் ஆழம் மிச்சம் இருக்கலாம். போய் "கட்டியைக் கொடுங்கள், வேறு இடத்தில் பார்க்க வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். கொடுப்பார்கள். முறைத்துக்கொண்டே கொடுப்பார்கள், ஆனால் கொடுப்பார்கள். ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். ஆழமாகப் பல மட்டத்தில் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

பேட்டை_முதலாண்டு · வியாழன், மாலை 4.10

தேர்வு முடிந்தது. ஸ்பாட்டர் ஐந்தில் வெளிச்செல் நாளம் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் எபிடிடைமிஸ் என்று எழுதியிருக்கிறார்கள். நான் எழுதவில்லை. வாய்மொழியில் மனித விரையைக் காட்டி, "இது எந்தக் கட்டம்?" என்று கேட்டார்கள். "எந்த மூலையைக் கேட்கிறீர்கள் ஐயா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கடனாநதி அண்ணா, உங்கள் பதிவைப் படித்த பிறகு அந்த ஸ்லைடை வெறும் ஸ்லைடாகப் பார்க்க முடியவில்லை.

---

கடனாநதி · சனி, பிற்பகல் 2.25

கட்டி கிடைத்துவிட்டது. அண்ணாச்சி சொன்னபடியே முறைத்தார்கள். கட்டைவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி. அவ்வளவுதான் நானா என்று இருந்தது. இரத்தச் சோதனைகளுக்கும் கொடுத்துவிட்டேன். கட்டியைத் திங்கட்கிழமை மதுரைக்குக் கொண்டுபோகிறேன். பகல் பஸ். அக்கினி நட்சத்திரம் இது. மெழுகு உருகிவிடாதா? ஐஸ் வைத்துக் கொண்டுபோக வேண்டுமா?

---

மெழுகுக்கட்டி · சனி, பிற்பகல் 2.50

ஐஸ் வேண்டாம், தண்ணீர் படக் கூடாது. இந்த மெழுகு உருக 58 டிகிரி வேண்டும். நம் ஊர் வெயில் எவ்வளவு கொடுமையானாலும் நிழலில் அதை உருக்காது, இளக்கத்தான் செய்யும். பஞ்சு வைத்து, சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் வெயில் படும் பக்கம் உட்கார வேண்டாம். வெயிலில் நிறுத்திய கார், பைக் பெட்டி, இவற்றில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அங்கே 58ஐத் தாண்டிவிடும்.

போய்ச் சேர்ந்ததும் வெட்டுகிறவரிடம் சொல்லுங்கள், சீவுவதற்கு முன் கட்டியின் முகத்தை ஐஸ் மேல் பத்து நிமிடம் கவிழ்த்து வைக்கச் சொல்லி. வெயில் காலத்தில் அப்படிச் செய்யாவிட்டால் சீவல் கத்தியில் ஒட்டிச் சுருண்டுவிடும். தெரிந்தவராகத்தான் இருப்பார். இருந்தாலும் சொல்லுங்கள்.